கொழும்பில் வீடு கட்டுமுன்: மழைத்தண்ணீருக்கும் மண்ணுக்கும் வழி செய்வது எப்படி

காணி எழுதியாயிற்று, பிளான் கீறியாயிற்று, வங்கிக் கடனும் சரிவந்துவிட்டது. உடனே பலரும் செய்வது மண் வெட்டும் பெக்கோவைக் கூப்பிடுவதுதான். நல்ல நேரம் பார்த்து அடிக்கல் நாட்டி, அந்தக் கிழமைக்குள் அத்திவாரம் வெட்டிவிடுவார்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வி எழுவதோ, பக்கத்து வீட்டுக்காரர் தன் கராஜுக்குள் செம்மண் சேறு நிற்கிறதென்று பொலிஸுக்குப் போன பிறகுதான். முதல் தடவை வீடு கட்டுபவர்களும், சைட் பொறுப்பைப் புதிதாக எடுத்த மேற்பார்வையாளர்களும் அந்த நிலைக்குப் போகாமலிருக்க இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'மழைநீர் அனுமதி' என்று ஒரே படிவமாக இங்கே எதுவும் கிடையாது. விதிகள் நாலைந்து அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் காணி இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும். ஆகவே சட்டப் புத்தகத்தைத் திறக்குமுன் காணிக்குப் போய் நில்லுங்கள், முடிந்தால் மழை பெய்யும் நேரத்தில். தண்ணீர் எந்த மதில் ஓரமாக உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, கடைசியில் எந்த வடிகானுக்குள் விழுகிறது என்று பார்த்து, கையால் ஒரு படம் கீறி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் எல்லா வேலைக்கும் அடிப்படை அந்தக் கிறுக்கல்தான்.

நகரத்தின் தண்ணீர் எங்கே போகிறது

கொழும்பு தட்டையான ஊர். தெருவோர வடிகான்களில் விழும் மழை தெமட்டகொட, சென் செபஸ்தியன், கிருலப்பனை, வெள்ளவத்தை, தெகிவளை என்று கால்வாய்களுக்குப் போய், அங்கிருந்து ஒரு பக்கம் களனி ஆற்றுக்கும் மறுபக்கம் கடலுக்கும் போகிறது. சரிவு மிகக் குறைவு என்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். களனி பெருகினால் நாகலகம் வீதிப் பக்கத்து வாயிற்கதவை மூடிவிடுவார்கள். திறந்து வைத்தால் ஆறு நகரத்துக்குள் வந்துவிடும். நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். கதவு மூடியிருக்கும் நேரத்தில் நகரத்துக்குள் பெய்யும் மழைக்குக் கால்வாய்களும் சதுப்பு நிலங்களும் வடிகான்களும்தான் இருப்பிடம். அந்த வடிகானில் பாதிக்கு உங்கள் சைட் மண் நிரம்பியிருந்தால் மிச்சத் தண்ணீர் தெருவில்தான் நிற்கும்.

1992 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதன் பிறகுதான் உலக வங்கிக் கடனில் கால்வாய்களை அகலமாக்கி, புதிய சுரங்கம் வெட்டி, பம்புகள் பூட்டும் வேலைகள் பெரிய அளவில் தொடங்கின. அத்தனை செலவு செய்து துப்புரவாக்கிய கால்வாயில் போய்ப் படியும் மண்ணில் பெரும் பங்கு இப்படிப்பட்ட சின்னச் சின்னச் சைட்டுகளிலிருந்து வருவது என்பதே என் எண்ணம். பெரிய கோபுரங்கள் கட்டுபவர்களிடம் ஆலோசகரும் பொறியியலாளரும் இருப்பார்கள். பத்துப் பேர்ச்சில் வீடு கட்டுபவரிடம் இருப்பது மேசன் பாஸ் மட்டும்தான்.

எந்த அலுவலகத்துக்குப் போவது

நகர எல்லைக்குள் எந்தக் கட்டடத்துக்கும் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதி வேண்டும். சாதாரண வீடு என்றால் விண்ணப்பத்தைக் கொழும்பு மாநகர சபையில் கொடுக்கலாம். பெரிய மாடிக் கட்டடம் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கே போகும். பிளானில் மழைநீர் வடிகான், அது தெரு வடிகானோடு சேரும் இடம், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் படம் கீறுபவரிடம் வற்புறுத்துங்கள். கொழும்பின் மலக்கழிவுக் குழாய்த் தொகுதி 1906 அளவில் தொடங்கியது. அது மழைநீர் வடிகானிலிருந்து தனியானது. கூரைத் தண்ணீரைப் பக்கத்து மேன்ஹோலுக்குள் விடுவது சுலபம் என்று பாஸ் சொல்வார். விட்டால், பலத்த மழையன்று அந்த லேனில் உள்ள எல்லா வீட்டுக் கழிப்பறையும் பின்னோக்கிப் பொங்கும். வீட்டுக் கழிவுநீரை மழை வடிகானுக்குள் விடுவதும் அதே அளவு குற்றம்.

காணி பள்ளமானதா, சதுப்பா, முன்பு வயலாக இருந்ததா, கால்வாய் ஓரமா? அப்படியானால் இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் வடிகாலமைப்பு இசைவு வேண்டும். 1968இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களுக்காகத் தொடங்கிய சபைதான் இன்று இந்தப் பெயரில் இருக்கிறது. தாழ்நிலத்தை அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு லோட் மண்ணாலும் நிரப்பக் கூடாது. கால்வாய்க்கு ஒதுக்கிய எல்லை எங்கே முடிகிறது என்றும் அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். காணி வாங்குமுன் கேட்பது இன்னும் நல்லது. கிருலப்பனை, நாவல, கொலன்னாவைப் பக்கங்களில் 'நல்ல விலைக்கு வந்த காணி' என்று சொல்லப்படுபவை பலவும் ஏன் அந்த விலைக்கு வந்தன என்பது இந்த ஒரு கடிதத்தில் தெரிந்துவிடும். நிரப்பும் ஈரநிலம் 4 ஹெக்டேயருக்கு மேல் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் வரும். ஆனால் அது வீடு கட்டுபவர்களின் கவலை அல்ல.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டியில் கடற்பக்கம் காணி உள்ளவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். மெரைன் டிரைவும் அதை ஒட்டிய லேன்களும் அதற்குள் வரும். அங்கே கட்ட கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

தெரு வடிகானில் கை வைப்பதற்கு, உதாரணமாக கேட்டுக்கு முன்னால் பலகை போடவோ குழாய் இணைக்கவோ, வீதி யாருடையது என்று முதலில் பாருங்கள். லேன்கள் பெரும்பாலும் மாநகர சபைக்குச் சொந்தம். காலி வீதி போன்ற பெருந்தெருக்கள் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையையும் கேட்க வேண்டி வரும்.

கடிதங்களைத் தமிழில் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் தொழில்நுட்ப அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் நகர்கின்றன. ஆகவே படத்தை ஆங்கிலத்திலும் விண்ணப்பக் கடிதத்தைத் தமிழிலும் வைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு தகராறு வந்தால் அந்த முத்திரைதான் பேசும்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள்

கணக்கு சின்னதுதான். ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர். பத்துப் பேர்ச் காணி சுமார் 253 சதுர மீற்றர். அதில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 12,600 லீற்றருக்கு மேல். ஆயிரம் லீற்றர்த் தண்ணீர்த் தாங்கிகள் பன்னிரண்டு நிரம்பி வழியும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை இந்த அளவை ஒரு மணித்தியாலத்தில் கொட்டுவது அபூர்வமல்ல. புல் இருந்த காலத்தில் ஒரு பங்கை நிலம் குடித்தது. புல்லை வழித்து, பெக்கோ ஓடி மண் இறுகிய பிறகு கிட்டத்தட்ட முழுவதும் ஓடும், போகும்போது மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு.

அதனால் மண்வேலைக்குக் காலம் பாருங்கள். கொழும்பில் தை, மாசிதான் குறைந்த மழைக் காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஒக்டோபரில் சராசரி மழை 300 மில்லிமீற்றரைத் தாண்டும். அனுமதி ஜனவரியில் கைக்கு வரும்படி விண்ணப்பத்தை முன்கூட்டியே போடுவது, பிறகு வாங்கும் எந்தச் சாமானை விடவும் மலிவான தற்காப்பு. அது முடியாவிட்டால் காணி முழுவதையும் ஒரே நாளில் வழிக்காதீர்கள். அத்திவாரம் வெட்டும் பகுதியை மட்டும் திறந்து, பின்வளவுப் புல்லை விட்டுவையுங்கள். புல்லைப் போல் மண் பிடிக்கும் சாமான் எந்தக் கடையிலும் இல்லை.

பெக்கோ வருமுன் செய்ய வேண்டியவை

வரிசை முக்கியம். தண்ணீர் வழி முதலில், வெட்டு பிறகு.

வெளியிலிருந்து உள்ளே வரும் தண்ணீரைத் தடுப்பது தொடக்கம். மேட்டுப் பக்க எல்லையில் ஒரு அடி ஆழத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, அதைச் சுற்றிக் கொண்டுபோய் வெளியே விடுங்கள். வெளித்தண்ணீர் சுத்தமானது, அது உங்கள் மண்ணைத் தொடாமலே போகட்டும்.

அடுத்தது கேட் வாசல். டிப்பர் உள்ளே வந்து போகும் ஒரே வழி இதுவாக இருக்க வேண்டும். நிலத்தில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் துணி) விரித்து, அதன் மேல் 50 முதல் 75 மில்லிமீற்றர் மெட்டல் கல்லை அரை அடிக்குக் குறையாமல் போடுங்கள். துணி இல்லாமல் போட்டால் ஒரு மாதத்தில் மெட்டல் முழுக்கச் சேற்றுக்குள் புதைந்து, போட்ட காசு காணாமல் போகும். வெளிநாட்டுக் கைநூல்கள் இந்த மேடை 15 மீற்றர் நீளம் இருக்க வேண்டும் என்கின்றன. பத்துப் பேர்ச் காணியில் அப்படிப் போட்டால் வீட்டுக்கு இடம் இருக்காது. முடிந்த நீளத்துக்குப் போட்டு, டயர் இடுக்குச் சேற்றைக் கம்பியால் தட்டிவிட ஒரு ஆளை நிறுத்துவதே நம் ஊருக்குச் சரி.

மூன்றாவது, பள்ளப் பக்க எல்லையில், ஓடும் தண்ணீரிலிருந்து மண்ணைப் பிடிக்கும் வண்டல் வேலி. பெரும்பாலும் பிழையாகச் செய்யப்படுவது இதுதான். பச்சை நிழல் வலையைக் கம்பத்தில் கட்டி, கீழே நாலு விரல் இடைவெளியோடு தொங்கவிட்டிருப்பார்கள். தூசிக்கு அது சரி, தண்ணீருக்கு அது கதவைத் திறந்து வைத்த மாதிரி. வேலிக்கு நெய்த ஜியோடெக்ஸ்டைல் துணி வேண்டும். சரிவு கூடாத இடத்தில் அடர்த்தியான தும்பு வலை இரண்டு மடிப்பும் ஓரளவு வேலை செய்யும், இங்கேயே கிடைக்கவும் செய்யும். கம்பங்களுக்கிடையே 2 மீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டாம். கம்பங்களின் மேட்டுப் பக்கமாக அரை அடி ஆழத்தில் ஒரு தவாளிப்பு வெட்டி, துணியின் அடிப்பாகத்தை அதற்குள் இறக்கி, மண் போட்டுக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். நிலத்துக்கு மேல் 2 அடி உயரம் போதும். இரண்டு முனைகளையும் மேட்டுப் பக்கமாக வளைத்து விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தால் சுற்றிப் போய்விடும். வேலியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வண்டல் சேர்ந்ததும் அள்ளிவிட வேண்டும். ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே இதைக் கட்டக் கூடாது. அடித்துக்கொண்டு போகும்.

எல்லையில் மதில் இருக்கிறதே, வேலி எதற்கு என்று கேட்பீர்கள். கொழும்பின் பழைய மதில்கள் பல கபுக் எனப்படும் செம்புரைக் கல்லால் கட்டியவை. தனியாக நிற்கும் பலம்தான் அவற்றுக்கு உண்டு, பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்கும் பலம் இல்லை. வெட்டிய மண்ணை மதிலில் சாய்த்துக் குவித்து, அதன் மேல் மழையும் பெய்தால் மதில் அடுத்த வளவுக்குள் விழும். அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம். மண் குவியலை மதிலிலிருந்தும் வெட்டிய குழியின் விளிம்பிலிருந்தும் விலக்கி வையுங்கள், இரவுக்குப் படங்கு போட்டு மூடுங்கள்.

நான்காவது, வண்டல் குழி. எல்லாத் தண்ணீரும் கடைசியில் வந்து நிற்கும் ஒரே இடம். குறைந்தது 25 மில்லிமீற்றர் மழையைத் தேக்கும் அளவு வையுங்கள். பத்துப் பேர்ச்சுக்கு அது சுமார் 6.3 கன மீற்றர் வரும். இரண்டு அறையாகப் பிரித்து, முதல் அறையில் மணல் படிந்து, இரண்டாவதிலிருந்து மேல்தண்ணீர் மட்டும் வழியும்படி செய்யுங்கள்.

குழி வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். வெளியே வழியும் தண்ணீரை ஒரு லீற்றர் வெற்றுப் போத்தலில் பிடித்து, சைட் அலுவலக மேசையில் வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் மேல் பாதி தெளிந்து அடியில் மணல் நின்றால் குழி போதும். அடுத்த நாள் காலையிலும் முழுப் போத்தலும் அதே கலங்கல் நிறத்தில் இருந்தால் உங்கள் மண்ணில் களி அதிகம். கொழும்புச் செம்மண்ணில் இது வழமை. அந்த நுண்களி தானாகப் படியாது. படிகாரம் போட்டால் திரளும். ஆனால் கண் அளவில் அள்ளிப் போடக் கூடாது, கூடினால் தண்ணீர் அமிலமாகும். வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பார்த்து அளவு கண்ட பிறகு குழிக்குப் போடுங்கள். 2008ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிப்படி நீர்நிலைக்குள் விடும் கழிவுநீரில் கரையாத திண்மம் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அமில, கார அளவைக் காட்டும் பீஎச் 6.0க்கும் 8.5க்கும் இடையே இருக்க வேண்டும்.

கடைசியாக, கேட்டுக்கு வெளியே உள்ள தெரு வடிகான் வாய். அதற்கு முன்னால் சல்லி நிரப்பிய பைகளை அரைவட்டமாக அடுக்குங்கள். மணல் பை தண்ணீரை முழுக்க மறித்துத் தெருவை நிரப்பும், சல்லிப் பை வடித்து விடும். பையை முக்கால்வாசிக்குக் குறைவாக நிரப்பினால்தான் தட்டையாகப் படுத்து இடைவெளி விடாமல் உட்காரும். வடிகான் வாயைப் பலகையாலோ பொலித்தீனாலோ மூடுவது தண்டிக்கத் தக்க வேலை.

நிலக்கீழ் மாடியும் பம்பும்

நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் வெட்டுபவர்களுக்கு மழையை விட நிலத்தடி நீர் பெரிய பாடு. பம்பு பூட்டினால் வரும் தண்ணீரை நேரே தெரு வடிகானுக்கு விடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அதை வண்டல் குழிக்கு விட்டு, அங்கிருந்து வெளியே விடுங்கள். உறிஞ்சும் குழாயின் வாயைக் குழியின் அடியில் போடாமல், ஒரு வெற்றுக் கேனில் கட்டி மிதக்க விட்டால் பாதிச் சேறு ஏறாது.

நாள்கணக்கில் பம்பு ஓடினால் அயல் காணியின் நிலத்தடி நீரும் இறங்கும். பீற் எனப்படும் மக்கிய கறுப்பு மண் உள்ள இடங்களில் நிலமும் சேர்ந்து அமர்ந்து, பக்கத்து வீட்டுச் சுவர் வெடிக்கும். ஆகவே வெட்டுமுன் அயல் வீடுகளின் வெடிப்புகளை அளந்து, படம் எடுத்து, அவர்களின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஓர் இடத்திலிருந்து அந்த அறிக்கை எடுத்தால் வழக்கு என்று வரும்போது மதிப்பு அதிகம். "அங்கிள், வேலை தொடங்க முதல் உங்கள் சுவரை ஒருக்கா பார்த்துப் படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டுப் போனால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். வெடித்த பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சீமெந்துத் தண்ணீர்

சேறு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. கொங்கிரீட் கழுவிய தண்ணீரின் பீஎச் 12 அளவில் இருக்கும். மீனுக்கும் ஆகாது, கால் தோலுக்கும் ஆகாது. அதோடு வடிகானுக்குள் போய் இறுகினால் பிறகு உளியால்தான் வெட்ட வேண்டும். பொலித்தீன் விரித்த ஒரு குழியைக் கேட் அருகே ஒதுக்கி, ரெடிமிக்ஸ் லொறியில் கொங்கிரீட் இறங்கும் பீலியைக் கழுவுவது அங்கே மட்டும்தான் என்று சாரதியிடம் கொங்கிரீட் இறக்குமுன்னரே சொல்லிவிடுங்கள். இறக்கிய பிறகு அவர் நிற்க மாட்டார்.

தேங்கிய தண்ணீரும் நுளம்பும்

நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டிய சிக்கல் இது. மண்ணைப் பிடிக்கத் தண்ணீரைத் தேக்கச் சொல்லும் விதி ஒரு பக்கம், தேக்கினால் வழக்குப் போடும் விதி மறுபக்கம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி, நுளம்புக் குடம்பி இருக்கும் வளவின் பொறுப்பாளர்மீது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குத் தாக்கல் செய்யலாம். கொழும்பில் கட்டுமானச் சைட்டுகளை அவர்கள் தேடித்தான் வருகிறார்கள். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும் என்பதால், கிழமைக்கு ஒரு நாளை 'தண்ணீர் இறைக்கும் நாள்' என்று குறித்து வையுங்கள். வண்டல் குழியின் தெளிந்த தண்ணீரை இறைத்துத் தூசிக்குத் தெளிக்கலாம், செங்கல் நனைக்கலாம். வண்டலையும் அன்றே அள்ளிவிடலாம்.

குழியை மட்டும் பார்த்தால் போதாது. லிப்ட் குழி, தளத்தில் கியூரிங்குக்காக (கொங்கிரீட்டை ஈரமாக வைத்து இறுக விட) கட்டிய தண்ணீர், படங்கின் மடிப்பு, வெறும் பெயின்ட் வாளி, மேலே பார்த்தபடி நிற்கும் கம்பிக் குழாய்களின் வாய் எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் அடித்துப் பாருங்கள்.

வெட்டிய மண்ணை வெளியே அனுப்புதல்

மண்ணை விற்றாலும் சும்மா கொடுத்தாலும், வீதியில் கொண்டுபோக புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். டிப்பரைப் பொலிஸ் மறித்தால் முதலில் கேட்பது இதைத்தான். மண் எங்கே போய்க் கொட்டப்படுகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரவில் சதுப்பில் கொட்டிவிட்டு வந்தால் கேள்வி உங்கள் வாசலுக்கும் வரும். கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர், இந்த விஷயத்தில் கண்கள் அதிகம்.

தெருவில் சிந்திய மண்ணைப் பின்னேரமே கூட்டி அள்ளுங்கள். ஹோஸ் பிடித்துக் கழுவினால் தெரு பளிச்சென்று இருக்கும், மண் முழுக்க வடிகானுக்குள் இருக்கும்.

மழைக்கு முன்னும் பின்னும்

காலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைப் பார்ப்பதை மேற்பார்வையாளரின் முதல் வேலையாக்குங்கள். பலத்த மழை என்றால் அன்று புதிதாக எதையும் வெட்ட வேண்டாம், படங்கு, பம்பு, பை மூன்றும் தயாராக இருக்கட்டும். மழை விட்டதும் ஒரு சுற்று வந்து, வேலி சாய்ந்ததா, குழி நிரம்பியதா என்று பார்த்து, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, போனில் படமும் எடுத்துவிடுங்கள். மாநகர சபை அதிகாரி வரும் நாளில் வாயால் சொல்லும் விளக்கத்தை விட அந்தக் கொப்பி அதிகம் பேசும். வெள்ள அவசரத்துக்கு இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைச் சைட் கதவில் பெரிதாக எழுதி வைக்கலாம்.

வேலை முடியும் போது

வீட்டில் குடிபுகுமுன் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அனுமதித்த பிளானில் இருந்த வடிகானும் கட்டிய வடிகானும் ஒன்றா என்று அப்போது பார்ப்பார்கள். காணியில் விடச் சொன்ன வெறுநிலத்தைக் கராஜுக்காகக் கொங்கிரீட் போட்டு மூடிவிட்டு வந்து நிற்பவர்கள்தான் அதிகம் இழுபடுகிறார்கள். கூரை மழைநீரைச் சேகரிக்க வேண்டும் என்பதும் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 2007 திருத்தத்தோடு மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு வந்த விதி. தாங்கியின் கொள்ளளவு கட்டடத்தைப் பொறுத்தது. தாங்கி நிரம்பி வழியும் குழாயை மழை வடிகானுக்குத்தான் கொடுக்க வேண்டும். மணற்பாங்கான வெள்ளவத்தைக் கடற்பக்கத்தில் உறிஞ்சு குழி நன்றாக வேலை செய்யும். கிருலப்பனைப் பள்ளத்தில் அதை வெட்டினால் கீழிருந்து தண்ணீர் வந்து நிரம்பும், காசை வீணாக்காதீர்கள்.

வண்டல் வேலியை வீட்டுக்குப் பெயின்ட் அடித்த அன்றே பிடுங்கிவிடாதீர்கள். புல் பிடித்து வேர் இறங்க ஒன்றரை மாதமாவது ஆகும், அதுவரை நிற்கட்டும். பிடுங்கும் அன்று முதலில் வண்டலை அள்ளி, வண்டல் குழியை மண் போட்டு மூடி இறுக்கி, தெரு வடிகானின் மூடியைத் திறந்து உங்கள் வாசலிலிருந்து அடுத்த மதகு வரை ஆள் விட்டுத் துப்புரவாக்கிவிட்டு, அந்த இடத்தையும் ஒரு படம் எடுத்து இணக்கச் சான்றிதழ்க் கோப்பில் சேர்த்து வையுங்கள்.